காலையில் மட்டும் ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: கோத்தகிரி கடைக்காரருக்கு ஒரு பதில்

ராம் மாற்றவா, மதர்போர்டு மாற்றவா, இல்லை புதுசே வாங்கிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய விவரத்தைப் படித்தால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறந்து கால் மணி நேரத்துக்குள் மவுஸ் கூட நகராமல் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று நான்கு தடவை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ரொம்ப மோசம். விண்டோஸ் இரண்டு முறை போட்டும் தீரவில்லை. அப்படியானால், ஏன் காலையில் மட்டும்? அதற்கு விடை கிடைத்தால் எந்தப் பொருளை மாற்றுவது என்பதும் கூடவே தெரிந்துவிடும். நான் குன்னூரில் பல வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். உங்கள் மெஷினைக் கண்ணால் பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எதை எந்த வரிசையில் பார்த்தால் காசு வீணாகாது என்று சொல்ல முடியும்.

முதலில், கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லக்கூடியது: இது விண்டோஸ் கோளாறு இல்லை. டிரைவர் (உள்ளே இருக்கும் பாகங்களை இயக்கும் சாப்ட்வேர்) சரியில்லை என்றாலும் கம்ப்யூட்டர் முழுசாக நிற்கும், உண்மைதான். ஆனால் டிரைவருக்கு மணி பார்க்கத் தெரியாது, குளிர் தெரியாது. இரண்டு முறை புதிதாகப் போட்ட பிறகும் காலையில் மட்டும் நிற்கிறது என்றால் மூன்றாவது முறை போட யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அடுத்த முறை நின்றதும் கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கோ டிஸ்ப்ளேயோ பதில் சொல்லாமல் மற்றதைக் காக்க வைக்கிறது. விளக்கும் மாறவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரே இடத்தில் "ட்ர்ர்ர்" என்று இழுக்கிறது என்றால், மின்சாரம், ராம், மதர்போர்டு, பிராசசர் இந்த நாலில்தான் தேட வேண்டும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிவப்பு நிறத்தில் கெர்னல் பவர் 41 என்று நிறைய இருக்கும். அதைக் காட்டி "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று, அதாவது கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. போன முறை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறொன்றும் சொல்லவில்லை. நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அது பதிவாகிவிடும்.

இனி காலை விஷயம். உங்கள் கடையில் காலையில் மட்டும் நடப்பது குளிர் ஒன்றுதானா? கடையைத் திறந்ததும் ஜெராக்ஸ் மெஷினையும் ஆன் செய்வீர்கள். அதற்குள் டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் மெஷினைச் சூடேற்றும்போது அது ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும், அதையும் விட்டுவிட்டு இழுக்கும். அந்த நேரத்தில் டியூப் லைட் மினுக்கென்று மங்குகிறதா? கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இருக்கின்றனவா? அதே நேரத்தில்தான் ஊரில் எல்லா வீட்டிலும், லாட்ஜிலும் கீசர் ஓடும். லைனில் வோல்டேஜ் தாழும்போது உங்கள் யுபிஎஸ் "டிக் டிக்" என்று ரிலே போட்டுச் சமாளிக்கும், ரொம்பத் தாழ்ந்தால் பேட்டரிக்கு மாறும். மாறும் அந்த இடைவெளி பத்து மில்லி செகண்டுக்குள்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி செகண்ட் தன் கையிருப்பிலேயே தாங்கும். வயதான எஸ்எம்பிஎஸ் தாங்காது. மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், இல்லையென்றால் நின்றுவிடும். அதனால் செலவே இல்லாத முதல் சோதனை இதுதான்: மூன்று நான்கு நாள் காலையில் ஜெராக்ஸைத் தொடாமல் கம்ப்யூட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் வருவார், கஷ்டம்தான். ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையைத் திறந்தால் முடியும். அந்த நாட்களில் நிற்கவே இல்லை என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜெராக்ஸுக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ், லேசர் பிரிண்டர் இரண்டையும் யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

ஜெராக்ஸ் இல்லாமலும் நிற்கிறது என்றால் அப்புறம் குளிர்தான். மெஷினுக்கு ஏழு வருஷம் ஆகிறது என்றீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் சின்னச் சின்ன டப்பா மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்றிய கெப்பாசிட்டர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சரியாக வடிகட்டாது. குளிரில் மிச்சமிருக்கும் திரவத்தின் ஓட்டமும் மந்தமாகும், உள்தடை கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் சமாளித்துக்கொள்ளும். "மூன்று நான்கு தடவை போட்டால் சரியாகிவிடுகிறது" என்று நீங்கள் சொன்னதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான்: நீங்கள் அணைத்து அணைத்துப் போடுவது அதற்குச் சூடேற்றுவது. நல்ல கெப்பாசிட்டருக்கு நம்ம ஊர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மைனஸ் 25, மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும்படிதான் அதைச் செய்கிறார்கள். ஊட்டி தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையிலும் புது மெஷின் எதுவும் முரண்டு பிடிப்பதில்லை.

பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, அதில் கோடு கீறினது போல இருக்கும். தலை உப்பியிருந்தாலோ, கீறலில் பழுப்பு நிறத்தில் காய்ந்த கசடு தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம், அது முடிந்துவிட்டது. உப்பாமல் இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, வெளியே தெரியாமலும் வற்றும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

குளிருக்கு இன்னொரு முகம் இருக்கிறது. சூடு ஏறினால் உலோகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். மதர்போர்டில் எங்கோ ஒரு சால்டர் விரிசல் விட்டிருந்தால் இரவுக் குளிரில் பிரிந்து, சூடானதும் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதற்கும் வற்றிய கெப்பாசிட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்த இடத்தில் எனக்கும் யூகம்தான்.

பனிமூட்டத்தையும் விட்டுவிட முடியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஷட்டர் இடுக்கு வழியாகவே மூட்டம் கடைக்குள் வந்துவிடும். (கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஐப்பசிக்குப் பதில் ஆடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மழைமூட்டம் அப்போதுதான்.) ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது. இரவெல்லாம் சில்லிட்டுக் கிடந்த இரும்பின்மேல், காலையில் நாலு பேர் உள்ளே வந்து, பக்கத்துக் கடையில் டீ கொதிக்கும் ஆவியும் சேரும்போதுதான் படியும். அந்த ஈரமும் தூசியும் சேர்ந்து ராம் ஸ்லாட்டில் ஒரு மெல்லிய படலமாக உட்காரும். ராமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்க நிறப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். அவை பளிச்சென்று இல்லாமல் புகை படிந்த மாதிரி மங்கியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதா வெள்ளை ரப்பரால், மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்து, மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எளிதான வேலை, செலவில்லை. மழைக்காலத்தில் என்னிடம் ஹேங் என்று வரும் மெஷின்களில் இதோடு முடிந்து திரும்பிப் போகிறவை கணிசம்.

மலையில் இருக்கிறோம், குளிர்ச்சிதானே, சூட்டுப் பிரச்சினை வராது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு அதற்கேற்ற மாதிரி குறையும். அறை குளிர்ச்சியாக இருப்பது அதை ஈடு செய்துவிடுகிறது என்பதால் பெரிதாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் சூடு காரணம் இல்லை. சூட்டால் வரும் கோளாறு தலைகீழாக நடக்கும்: காலையில் ஒழுங்காக இருந்து மதியம் வேலை ஏற ஏற மெதுவாகும், கடைசியில் தானாக அணையும். ஹார்டு டிஸ்க் உயரத்தால் கெடுமா என்று சிலர் கேட்பார்கள். அதன் ஹெட் காற்று மெத்தையில்தான் மிதக்கிறது, ஆனால் சாதாரண டிஸ்க்குகளை 10,000 அடி, அதாவது சுமார் 3,000 மீட்டர் வரை தாங்கும்படி செய்கிறார்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் ஓடும்.

டிஸ்க் என்றதும் ஒன்று. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் வாடிக்கையாளர் ஃபைல்கள், கணக்கு, போட்டோக்கள் எல்லாவற்றையும் வெளியில் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை அழுத்தி அழுத்தி அணைப்பதே ஃபைல்களைக் கெடுக்கும். காப்பி எடுத்த கையோடு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். அதில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகப்போகிறது. சிஆர்சி எரர் வரியில் மட்டும் எண் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள், அது விலை குறைந்த பொருள். டிஸ்க் கோளாறில் பொதுவாக மவுஸ் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் அரை நிமிடம் போல ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று எல்லாம் சேர்ந்து நடக்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் அது இல்லை. இருந்தாலும் ஏழு வருஷ டிஸ்க்கை நம்பித் தொழில் செய்யக் கூடாது.

இனி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கும் சோதனை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் பையன் யாராவது இருந்தால் அரை மணியில் செய்து கொடுப்பான். இரவு கடை மூடும்போது ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றிவிடுங்கள். காலையில் வந்ததும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, பிரவுசரில் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். டிஸ்க் இல்லை, விண்டோஸ் இல்லை. அப்போதும் நின்றால் ராம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசசர் என்று நாலு பேர்தான் மிச்சம். தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட்டு மதர்போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளேயில் ஓட்டுங்கள். மூன்று நான்கு குளிர்ந்த காலைகளில் ஒரு முறையும் நிற்கவில்லை என்றால் டிஸ்க், கேபிள் பக்கம் திரும்புங்கள். ஒரே ஒரு காலை பார்த்து முடிவெடுக்காதீர்கள்; வெயில் அடித்த காலையாக இருந்தால் சோதனை செல்லாது.

ராம் இரண்டு இருக்கிறது என்றீர்கள், நல்லதாகப் போயிற்று. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றோடு மட்டும் இரண்டு நாள், அப்புறம் மாற்றி மற்றதோடு இரண்டு நாள். மெம்டெஸ்ட்86 என்ற, ராமைச் சோதிக்கும் சாப்ட்வேரைப் போட்டு ஓட்டுவது இன்னும் உறுதி. அதையும் காலையில், மெஷின் சில்லென்று இருக்கும்போதே ஆரம்பியுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை விட்டுவைக்கக் கூடாது. ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் அதே ராமை அடுத்த ஸ்லாட்டில் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். எரர் ராமோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லாட்டில் தங்கினால் கோளாறு மதர்போர்டில், ராம் விற்கிறவருக்கு வியாபாரம் இல்லை.

என் சந்தேகம் அதிகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்களில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே காற்றடைத்த பை போல இருக்கும். மல்டிமீட்டர் வைத்திருந்தால், மெஷின் ஓடும்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25. இதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் குற்றவாளி, கேஸ் முடிந்தது. உள்ளே இருந்தால் விடுதலை கிடையாது. கெப்பாசிட்டர் வற்றினால் வருகிற வேகமான நடுக்கம் மல்டிமீட்டருக்குத் தெரியாது, அது சராசரியைத்தான் காட்டும். நடுக்கத்தைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும், நம் ஊர்க் கடைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை நாலு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. பேப்பர் கிளிப்பை வளைத்து எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரில் சொருகி ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் வித்தை யூடியூபில் நிறைய இருக்கிறது. சுமையே இல்லாமல் சுற்றும் ஃபேன் எதையும் நிரூபிக்காது.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று ஏறுகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன். அப்படி இருந்தால் பிளக் பாயின்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்கு வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது. பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. எதை மாற்றினாலும் அதைச் சரிசெய்வது அவசியம்.

ராம் மாற்றியாயிற்று, எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று, டிஸ்க் இல்லாமலும் நிற்கிறது என்றால் மதர்போர்டுதான். பிராசசர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். நாலாம் தலைமுறை ஐ3 என்று சொன்னீர்கள். அதற்கு மதர்போர்டு வாங்கப் பணம் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இப்போது கிடைப்பது பழசு, இல்லையென்றால் பேர் தெரியாத கம்பெனியின் போர்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அடுத்த மெஷினுக்கும் கூட வருகிற பொருளில் மட்டும் காசு போடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும் சாட்டா எஸ்எஸ்டியும் கூட வரும், இந்த மெஷினில் இருக்கும் டிடிஆர்3 வகை ராம் வராது. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸில் கோளாறு நின்றுவிட்டால் மட்டும் புதுசு ஒன்று வாங்கி, இந்த மெஷினையே இன்னும் சில காலம் ஓட்டலாம்.

சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் மதியம் கொண்டுபோய் வைப்பீர்கள், அவர் போட்டுப் பார்ப்பார், "நல்லாத்தானே ஓடுது அண்ணா" என்று திருப்பிக் கொடுப்பார். அவர்மேல் தப்பில்லை, மதியம் அது ஓடத்தான் செய்யும். ஒரு ராத்திரி அங்கேயே வைத்து, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஆன் செய்து ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வருவதற்கு முன் காப்பி எடுத்த டிஸ்க்கை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் பஸ்ஸில் கொண்டுபோனால், போன உடனே பிளக் மாட்டாமல் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஈரம் உலர விடச் சொல்லுங்கள்.